தொடக் கூடாத கால்

...நகம் விரல் நுனியைத் தாண்டக் கூடாது, மோதிரம் கூடாது, கைக்கடிகாரம் கூடாது, உள்ளங்கை குளிர்ந்திருக்கக் கூடாது, யோசித்துப் பார்த்தால் இந்தப் படிப்பில் பாதி கூடாதுகள்தான், மீதிப் பாதி எண்ணெய். அவன் குழாயைத் திறந்து விட்டு முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டான், போதாதென்று இன்னொரு முறை போட்டான், எதிரே கண்ணாடி இருந்தது, நிமிரவில்லை. இன்றைக்குச் செய்முறைத் தேர்வு. லிஃப்ட் கம்பெனியில் ஐந்து நாள் பழுது அறிக்கைகளைத் தட்டச்சு செய்துவிட்டு, சனியும் ஞாயிறும் இங்கே வந்து முன்பின் தெரியாதவர்களின் முதுகைப் பிசைந்து, ஆறு மாதம் ஓடிவிட்டது, முடிவில் ஒரு காகிதம் தரப்போகிறார்கள், இன்னார் விளையாட்டு மசாஜ் செய்யத் தகுதியுள்ளவர் என்று. தகுதி. நல்ல வார்த்தைதான். பக்கத்துக் குழாயில் லாரி முகம் கழுவிக்கொண்டிருந்தான், உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை, கதவில் பக்கவாட்டாக நுழையும் ஆகிருதி, முதல் நாளே யாரோ வைத்த பெயர் அவனுக்கே பிடித்துப்போய் ஒட்டிக்கொண்டது. "பாஸ், எனக்கு வர்ற ஆளு குட்டையா இருக்கணும்னு வேண்டிக்கங்க, நெட்டையா வந்தா கால் பக்கம் போறதுக்குள்ள டைம் முடிஞ்சிரும்" என்றான். இவன் சிரிக்க வேண்டிய இடம் என்பதால் சிரித்தான். "உங்களுக்கென்ன பாஸ், உங்க கை நல்ல கை, நீங்க தொட்டா எனக்கே கண்ணு சொக்குது." எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், நல்ல கை, அமைதியான கை, பிறவிக் கை என்றுகூட ஒருமுறை பாடம் நடத்துகிற கட்டைவிரல் மேடம் சொன்னாள். பிறவியிலேயே இருந்ததா? அப்படியானால் போன வருஷம் எங்கே போயிருந்தது? சட்டைப் பைக்குள்ளா, தலைக்கு அடியிலா... தலைக்கு அடியில்தான். சோபாவில் சாய்ந்து, இரண்டு கையையும் கோத்துத் தலைக்கு அண்டை கொடுத்து, பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பிறவிக் கை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவனுக்கு மணி வரைக்கும் தெரியும், இரண்டாவது பாதி தொடங்கி பத்து நிமிஷம், ஒன்றுக்கு ஒன்று, சமநிலை. அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை, உயரத் தாண்டச் சொல்லிக் கொடுக்கும்போது கணுக்கால் பிசகி எலும்பில் விரிசல், நாலு வாரம் மாவுக்கட்டு, அதைப் பிரித்து மூன்று நாள் ஆகியிருந்தது, மறுநாள் வேலைக்குத் திரும்பப் போகிறாள். சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்து, "ஆடுசதை பிடிச்சு இழுக்குதுடா, கொஞ்சம் அமுக்கி விடேன்" என்றாள். அவன் திரும்பாமலே, நாளைக்கு என்றான். இவ்வளவுதான். சண்டை இல்லை, சலிப்புக்கூட இல்லை, ஒரு வார்த்தை, நாளைக்கு. மறுநாள் காலை பாத்ரூமிலிருந்து வெளியே வந்தவள் மூச்சு முட்டுது என்று சுவரைப் பிடித்தாள், சுவர் பிடிகொடுக்கிற பொருளா, சரிந்தாள், ஆம்புலன்ஸ் வந்தபோது அவனுக்கே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓர் இளம் டாக்டர், அவன் வயதுதான் இருக்கும், கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டியாகி, அது நகர்ந்து நுரையீரலை அடைச்சிருக்கு என்று சொல்லிவிட்டு, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமோ என்பதுபோல் நின்றார். அவன் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல், கால். எந்தக் கால் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அமுக்கி விட்டிருந்தால் கரைந்திருக்கும். அன்றைக்கு அந்த வராந்தாவில் இந்த வாக்கியம் அவனுக்குள் வந்து உட்கார்ந்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை. குளிக்கும்போது உட்கார்ந்திருந்தது, லிஃப்ட் கம்பெனியில் ஏழாவது மாடிக் கதவு பாதியில் நிற்கிறது என்று தட்டச்சு செய்யும்போது உட்கார்ந்திருந்தது, பத்து நிமிஷம், கடுகளவு எண்ணெய், ரெண்டு கை... கரைந்திருக்கும். மூன்றாம் நாள் அத்தை கேட்டாள், அவளைப் பெற்றவள், அழுது அழுது குரலே போய்விட்டவள், "முதல் நாள் ஏதாச்சும் வலிக்குதுன்னு சொன்னாளா மாப்ள?" அவன் சொன்னான், ஒண்ணும் சொல்லல அத்தை. அவள் தலையாட்டிக்கொண்டாள், "அவ சொல்ல மாட்டா, சின்னதுலேந்தே அப்படித்தான், அழுத்தக்காரி." அழுத்தக்காரி என்ற பட்டத்தையும் செத்தவள் தலையில் ஏற்றிவிட்டு அவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான்.

கை துடைத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தார்கள். விளையாட்டரங்கத்துக்குப் பின்னால் இருந்த நீளமான அறை, எட்டு மேஜைகள், எட்டிலும் நீலத் துண்டு, சுவரில் தோலுரித்த மனிதன் படம், சிவப்புத் தசைகளும் வெள்ளை நாண்களுமாக, ஒரு கையைத் தூக்கி யாரையோ கூப்பிடுகிற மாதிரி. கட்டைவிரல் மேடம் மேஜை மேஜையாகப் போய் எண்ணெய்ப் புட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவனைவிட இரண்டு வயது சின்னவள், பத்து வருஷம் ஓட்டக்காரர்களுக்கும் பளுதூக்குகிறவர்களுக்கும் கை கொடுத்தவள், யாராவது கட்டைவிரலை மட்டும் வைத்து அழுத்தினால் பாய்ந்து வருவாள், "கட்டைவிரலை மிச்சம் வைங்க, அறுபது வயசுல டம்ளர் தூக்கணும்ல?" உடம்பின் எடையைக் கொடு, விரலின் பலத்தைக் கொடுக்காதே. முதலில் வருடு, தோல் பழகட்டும், பிறகு பிசை, பிறகுதான் ஆழம். இதயத்தை நோக்கி அழுத்து, எதிர்ப்பக்கம் அழுத்தாதே. பந்தயத்துக்கு முன் என்றால் வேகமாக, பின் என்றால் மெதுவாக. வலியை ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லச் சொல், ஏழைத் தாண்டினால் நிறுத்து. ஏழு. அதை எழுதிக்கொண்டபோது அவனுக்கு எரிச்சல் வந்தது, எப்படி எண்ணுவார்கள் அதை, ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது, அவனை யாராவது கேட்டால் என்ன எண்ணைச் சொல்வான்? ஒன்றுமில்லை, மரத்துக் கிடக்கிறது என்றால் அது பூஜ்ஜியமா பத்தா? அதற்குப் புத்தகத்தில் இடம் இருந்ததா என்று புரட்டிப் பார்த்தான், இருந்தது, உணர்வு மழுங்கிய இடத்தில் ஆழமாக அழுத்தக் கூடாது, நோயாளிக்கே அடி தெரியாது. இன்னொரு கூடாது.

அவன் இங்கே சேர்ந்த காரணம் யாருக்கும் தெரியாது. விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் விளையாட்டில் ஆர்வம் என்று எழுதினான், பந்தாட்டம் பார்ப்பதையே விட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. உண்மையைச் சொன்னால், பிராயச்சித்தம் மாதிரி ஒன்று, அந்தச் சொல்லை நினைத்தாலே கூச்சம், சினிமாத்தனம், ஆனாலும் அதுதான், ஒரு கால் பாக்கி இருந்தது, ஊரில் உள்ள கால்களையெல்லாம் அமுக்கித் தீர்ப்பது என்று வந்தான். மூன்றாவது வாரம் பாட வகுப்பு. மேடம் வெள்ளைப் பலகையில் செய்யக் கூடாதவை என்று எழுதி அடியில் கோடு போட்டாள். காய்ச்சல் இருந்தால் கூடாது, தோல் கிழிந்திருந்தால் கூடாது, புதிதாய்ச் சுளுக்கினால் இரண்டு நாள் கூடாது, பிறகு ஒரு காலை வரைந்தாள், ஆடுசதையில் சிவப்புப் பேனாவால் ஒரு பொட்டு. "இதுதான் உங்களை ஜெயிலுக்கு அனுப்பும். ஒரு கால்ல மட்டும் வீக்கம், தொட்டா சூடு, இழுத்துப் பிடிக்கிற மாதிரி வலி. ரொம்ப நேரம் அசையாம இருந்தவங்க, கட்டுப் போட்டுக் கிடந்தவங்க, நெடுந்தூரம் உட்கார்ந்து வந்தவங்க. சும்மா சதைப்பிடிப்புன்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. உள்ள ரத்தம் உறைஞ்சு கட்டி இருக்கலாம். நீங்க அழுத்தினா அது பிச்சுக்கிட்டு நேரா நுரையீரலுக்குப் போகும். தொடாதீங்க. டாக்டர்கிட்ட அனுப்புங்க." லாரி கை தூக்கி, "லேசா அமுக்கினாக்கூடவா மேடம்?" என்றான், "உங்க லேசு எங்களுக்கு நசுக்கல், தொடவே தொடாதீங்க" என்றாள், வகுப்பே சிரித்தது. அவன் பேனா காகிதத்திலேயே நின்றுவிட்டது, மை ஊறி வட்டமாகப் பரவியது. கரைந்திருக்கும் என்ற வாக்கியம், அரை வருஷத்துக்கு மேலாக நகராமல் உட்கார்ந்திருந்த அந்த வாக்கியம், எழுந்து போய்விட்டது. அமுக்கி விட்டிருந்தால் அன்றைக்கே, சோபாவிலேயே, அவன் கையிலேயே... ஆக, அவன் செய்யாதது சரி. சோம்பேறித்தனமாகச் சரி. பந்தாட்டத்தின் புண்ணியத்தில் சரி. அன்றைக்கு மத்தியானம் கடைக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டான், பல மாதங்களுக்குப் பிறகு ருசி தெரிந்தது, ருசி தெரிந்ததே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் தட்டில் மிச்சம் வைக்கவில்லை.

விடுதலைதானே? ஏன் இனிக்கவில்லை? குற்றம் சாட்டியதும் இவன், கூண்டில் நின்றதும் இவன், தீர்ப்பை மட்டும் ஒரு பாடப்புத்தகம் வாசித்தது, பக்கம் நாற்பத்தொன்று. அதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறான். கேட்க இன்னொரு காது வேண்டும், தனக்குத் தானே வாசித்துக்கொள்கிற தீர்ப்பு எதில் சேர்த்தி? அதனால்தான் போன வாரம் அத்தைக்கு ஃபோன் செய்தான். பரீட்சை முடிஞ்சதும் வர்றேன் அத்தை, நாலு மணிக்கு, ஒண்ணு சொல்லணும். "என்ன மாப்ள, வேற கல்யாணம் எதாச்சும் ஏற்பாடா? எனக்கு ஒண்ணும் இல்ல, நீ சின்ன வயசு" என்றாள் அவள் அவசரமாக, அந்த அவசரத்தில் இருந்த நடுக்கம் அவனுக்குக் கேட்டது. அதெல்லாம் இல்ல அத்தை, என்று சொல்லி ஃபோனை வைத்தான். அவ ஆடுசதை வலிக்குதுன்னு சொன்னா, நான் அமுக்கி விடல, ஆனா அமுக்கி விடாததுதான் சரி, இங்க பாருங்க, புத்தகத்துல போட்டிருக்கு... இதைத்தான் சொல்லப் போகிறான். ஒரு பொய்யைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கூடவே ஒரு நற்சான்றிதழையும் நீட்டிவிடுவது. புத்தகம் இப்போது பையில் இருக்கிறது, அந்தப் பக்கத்தில் பேருந்துச் சீட்டு செருகியிருக்கிறது. திரும்பாமல் சொன்னேன் அத்தை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, அது என் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் சாவுக்கு நான் காரணம் இல்லை. எத்தனை தடவை ஒத்திகை பார்த்தாயிற்று. அத்தை அழுவாள், பிறகு தலையில் கை வைப்பாள், பிறகு... பிறகு அவன் தூங்குவான். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டும், தூங்க வேண்டும்.

"மேஜை அஞ்சு, வாங்க." வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நாற்காலியில் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார், ஏதோ ஒரு அணிக்கு இருபது வருஷம் மசாஜ் செய்தவராம், கழுத்தில் நிறுத்துகடிகாரம், கையில் மதிப்பெண் தாள். ஒவ்வொருவருக்கும் முன்பின் பார்க்காத ஓர் ஆள், நாற்பது நிமிஷம். ஐந்தாம் மேஜையில் இருந்தவர் ஐம்பதை நெருங்கும் மனிதர், பேங்கில் வேலை, நெடுந்தூர ஓட்டக்காரர், குச்சிபோன்ற உடம்பு, வாய் மட்டும் ஓயவில்லை. "வா தம்பி, உன் கையிலதான் இருக்கு, அடுத்த ஞாயிறு நாற்பத்திரண்டு கிலோமீட்டர், இந்த இடது கால் பாழாப்போனது மூணு நாளா மக்கர் பண்ணுது, பிடிச்சு இழுக்குது, நல்லா போட்டு நொறுக்கி விடு." அவன் படிவத்தை எடுத்தான், காய்ச்சல் இல்லை, சர்க்கரை இல்லை, அறுவைசிகிச்சை இல்லை, மருந்து இல்லை, எல்லாவற்றிலும் இல்லை என்று கோடு, ஓட்டக்காரர்கள் படிவத்தையும் ஓடிக்கொண்டேதான் நிரப்புவார்கள் போல. குப்புறப் படுங்க சார். அவர் படுத்தார், முகத்தை மேஜையின் தலைமாட்டு ஓட்டைக்குள் வைத்துக்கொண்டு அங்கிருந்தும் பேசினார். அவன் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றித் தேய்த்துச் சூடாக்கினான், துண்டை மடித்து முழங்காலுக்கு மேலே ஏற்றினான், எண்ணெய்க் கையைக் காலை நோக்கிக் கொண்டுபோனான்... கை நின்றது. நின்ற பிறகுதான் நின்றது என்று தெரிந்தது. இரண்டு கால்கள், பக்கத்தில் பக்கத்தில், ஒன்று ஓட்டக்காரன் கால், நரம்பும் எலும்புமாக, மற்றது அதற்குத் தம்பி மாதிரி இல்லை, அண்ணன் மாதிரி இருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, போகிற போக்கில் பார்த்தால் தெரியாது, தோல் கொஞ்சம் மினுமினுப்பாக, கொஞ்சம் இழுத்துக் கட்டியதுபோல், கணுக்கால் குழி நிரம்பி... அவ்வளவுதான்.

சார், சமீபத்துல எங்கயாவது தூரமாப் போனீங்களா? ஓட்டைக்குள்ளிருந்து, "தூரமாவா? அக்கா பொண்ணு கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தேன், ரெண்டு நாள் ட்ரெயின், ஜன்னலோரம் கிடைச்சுது, அந்த இடத்தை விட்டு எழுந்திருப்பேனா நானு?" வந்து எத்தனை நாள் ஆச்சு சார்? "நாலு நாள். அதுக்கென்ன தம்பி? கேள்வி கேக்குறது பேங்க்ல என் வேலை, நீ கையை வை." தேர்வாளர் நிறுத்துகடிகாரத்தை விரலால் தட்டினார், "நேரம் ஓடுதுப்பா, ஆரம்பி." அவன் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் புறங்கையால் இடது ஆடுசதையைத் தொட்டான், அழுத்தவில்லை, தோலின்மேல் சும்மா வைத்தான். சூடு. பிறகு வலது. சூடு இல்லை. மறுபடி இடது. கையை எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. அப்போது வந்தது அந்த நினைப்பு, எங்கிருந்து வந்ததென்று தெரியாமல், சத்தமே இல்லாமல், பூனை மாதிரி வந்து காலடியில் நின்றது, அழுத்திப் பார்த்தால் என்ன? ஒரே ஒரு முறை, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, உடம்பின் எடையைக் கொடுத்து. இந்த ஆள் மூச்சு முட்டிச் செத்தால் புத்தகம் சொன்னது சத்தியம், பக்கம் நாற்பத்தொன்று சத்தியம், அவன் அன்றைக்கு அமுக்காதது சத்தியமாகச் சரி. ஒன்றும் ஆகாமல் இவர் எழுந்து ஓடினால்... அப்போது? ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒரு வருஷமாகத் தெரியாதது ஒரு நிமிஷத்தில், இந்த மேஜையில். விரல்கள் தாமாகவே பிறை மாதிரி வளைந்து சதையைச் சுற்றி உட்காரப் பார்த்தன, நல்ல கை, அமைதியான கை, பிறவிக் கை. நீ என்ன மனுஷன்டா? தன்னையே கேட்டான். "தூங்கிட்டியா தம்பி?" என்றார் ஓட்டைக்குள் இருந்தவர், குரலில் கேலி, அந்தக் கேலிக் குரலின் அதிர்வு முதுகு வழியாக இறங்கி அவன் புறங்கைக்கு வந்தது, உயிரோடு இருக்கிற ஒரு முழு ஆள், ஜன்னலோரம் கிடைத்ததில் சந்தோஷப்பட்ட ஆள். கையை எடுத்தான்.

நான் செய்யல சார், என்றான். தேர்வாளர் நிமிர்ந்தார். "என்ன செய்யல?" இந்தக் கால்ல கை வைக்க மாட்டேன், உள்ள கட்டி இருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போகணும். படுத்திருந்தவர் தலையைத் தூக்கினார், முகத்தில் ஓட்டையின் வட்டத் தடம், "இது நல்ல கதையா இருக்கே! ஓசி மசாஜ்னு கூட்டிட்டு வந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்கப்பா! சதைப்பிடிப்பு தம்பி இது, முப்பது வருஷமா ஓடுறேன், எனக்குத் தெரியாதா?" தேர்வாளர் மதிப்பெண் தாளில் பேனாவை வைத்தபடி, "இந்த ஆளை நானே காலையில பார்த்தேன், எனக்கு ஒண்ணும் தெரியல. பயமா இருந்தா இருக்குன்னு சொல்லு, ஃபெயில்னு போட்டுட்டுப் போறேன்" என்றார். போடுங்க சார், என்றான், அது வீரமாக வரவில்லை, வழியை விடுங்கள் என்பதுபோல் வந்தது. அடுத்த மேஜையில் ஒரு முதுகைப் பிசைந்துகொண்டிருந்த லாரி கையை நிறுத்தாமல் கழுத்தை மட்டும் திருப்பினான், "மேடம், இங்க கொஞ்சம் வாங்க" என்று கத்தினான், தேர்வில் பேசக் கூடாது என்பது இன்னொரு கூடாது, அவனுக்கு மறந்துவிட்டது போல. மேடம் வந்தாள், பார்த்தாள், குனிந்து இன்னொரு முறை பார்த்தாள், பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து அவனிடம் நீட்டினாள். முழங்கால் எலும்புக்குக் கீழே நாலு விரல்கடை, இரண்டு காலிலும் ஒரே இடத்தில். வலது முப்பத்திரண்டு. இடது முப்பத்தாறு. அவள் மறுபடி அளந்தாள், முப்பத்தாறுதான். ஓட்டக்காரர் வாயை மூடிக்கொண்டது அப்போதுதான். "எழுந்து நடக்காதீங்க சார், அப்படியே இருங்க" என்று ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள், பத்து நிமிஷத்தில் கார் வந்தது, சக்கர நாற்காலியில் உட்கார வைத்தபோது அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், மிச்ச எண்ணெய் வழுக்கியது, இன்னும் இறுக்கிப் பிடித்தார், "தம்பி, நிஜமாவே பெரிசா ஒண்ணும் இல்லையே? வீட்ல சொல்லணுமா?" சொல்லுங்க சார், இப்பவே சொல்லுங்க.

கார் போனது. தேர்வாளர் தாளைத் திருப்பிப் போட்டார், வாயில் ஏதோ மென்றார், பிறகு "தேறிட்டான்னே எழுதிக்கங்க" என்று மேடம் பக்கம் தள்ளிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அவன் மேஜையருகிலேயே நின்றான். துண்டில் ஆள் படுத்திருந்த பள்ளம் இன்னும் எழும்பவில்லை. சந்தோஷமாக இருக்க வேண்டும், ஒரு ஆளைக் காப்பாற்றியிருக்கலாம், இது நல்ல சங்கதி, அத்தையிடம் இதையும் சேர்த்துச் சொல்லலாம், புத்தகத்தோடு இதையும், பாருங்க அத்தை, இன்னைக்கும் நான் அமுக்கல, அதனாலதான் அந்த ஆள்... கணக்கு அழகாக வருகிறது, அதுதான் சந்தேகமாக இருந்தது. மேடம் தாளோடு வந்து மேஜையின் விளிம்பில் சாய்ந்தாள். "ஒண்ணு கேக்கணும். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, நிரப்பணும். சூடு பார்த்தீங்க, பயணம் கேட்டீங்க, அதெல்லாம் சரி. ஆனா அதுக்கு முன்னாடியே கையை நிறுத்திட்டீங்க, அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன். துண்டை எடுத்த உடனே. நாலு சென்டிமீட்டர் அந்தக் கோணத்துல தெரியவே தெரியாது, எனக்கே ரெண்டு தடவை பார்க்க வேண்டியிருந்துச்சு. வகுப்புல நான் காட்டினது வெறும் பேனாப் படம். எப்படிப் பிடிச்சீங்க?" அவன் யோசிக்கவே இல்லை. வாய் பாட்டுக்குச் சொன்னது, "இதே மாதிரி முன்னாடி ஒரு தடவை பார்த்திருக்கேன் மேடம்."

சொன்னது காதில் விழுந்தது. யார் சொன்னது? எங்கே பார்த்தான், எப்போது பார்த்தான், திரும்பவே இல்லையே, திரும்பாமல் நாளைக்கு என்றவன்தானே அவன், ஒரு வருஷமாக அவனுக்குத் தெரிந்த அவன், முகத்தைக்கூடப் பார்க்காதவன்... தோலின் மினுமினுப்பு எப்படித் தெரிந்தது? கணுக்கால் குழி நிரம்பியிருப்பது எப்படித் தெரிந்தது? இடைவேளை. இரண்டாவது பாதிக்கு முன்னால் இடைவேளை இருந்தது, பதினைந்து நிமிஷம், விளம்பரம், அப்போது டிவியை யார் பார்ப்பார்கள். அவள் எதிரே இருந்த முக்காலியில் இரண்டு கால்களையும் தூக்கி வைத்தாள், பாவாடையை முழங்கால் வரைக்கும் ஏற்றிக்கொண்டாள், ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தது. கட்டுப் பிரித்த ஆள் சொல்லி அனுப்பியிருந்தார், இந்தக் கால் கொஞ்ச நாளைக்குச் சூம்பித்தான் இருக்கும், பயப்படாதீங்க என்று. "இங்க பாரேன்" என்றாள், "மெலியும்னுதானே சொன்னாங்க, இது அதைவிடப் பெரிசா இருக்கு. இது இப்படித்தான் இருக்குமா?" அவன் பார்த்தான். கோத்த கையைப் பிரித்து, எழுந்து உட்கார்ந்து, குனிந்து, நன்றாகவே பார்த்தான். பார்த்துவிட்டு, "நாலு வாரம் வேலை வெட்டி இல்லாம உட்கார்ந்து தின்னுச்சுல்ல, ஊதிருச்சு" என்றான். நல்ல நேரத்தில் விழுந்த வேடிக்கை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, போடா என்று தலையணையைத் தூக்கி எறிந்தாள், சிரித்துக்கொண்டே பாவாடையை இறக்கிக் காலை மூடினாள். பிறகு ஆட்டம் தொடங்கியது.

"எங்க பார்த்தீங்க?" என்றாள் மேடம், பேனாவைக் கட்டத்தில் ஊன்றியபடி, தலை நிமிராமல், சாதாரணமாக. லாரியின் மேஜையில் நேரம் முடிந்த மணி அடித்தது. அப்படியானால் அன்றைக்குச் சோபாவில் அவள் முதலில் கேட்டது அமுக்கிவிடச் சொல்லி அல்ல. அவள் முதலில் கேட்டது ஒரு கேள்வி, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது, சிரிக்கிற மாதிரி ஒரு பதில், அதை நம்பி அவள் பயத்தை விட்டுவிட்டாள், பயத்தை விட்ட பிறகு மிச்சமிருந்தது வெறும் வலிதானே, வலிக்குத்தான் அமுக்கச் சொன்னாள். தொடாதீங்க என்பதோடு மேடம் வகுப்பில் நிறுத்தவில்லை, டாக்டர்கிட்ட அனுப்புங்க என்றும் சொன்னாள், அந்தப் பாதியைத்தான் அவன் ஒரு வேடிக்கையால் மூடிவிட்டிருந்தான்.